தசைகளை அசைவோடு சேர்த்துப் படிப்பது எப்படி?

வணக்கம். பிசியோதெரபி முதலாண்டு படிக்கிறேன். தசை எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்பது மனப்பாடமாகிவிடுகிறது. அது உடலை எப்படி அசைக்கிறது என்பதில்தான் திணறல். குளூட்டியஸ் மீடியஸ் என்ற இடுப்புத் தசை காலைப் பக்கவாட்டில் விரிக்கும் என்கிறது பாடம். ஆனால் நடக்கும்போது அதன் பெரிய வேலை, ஒற்றைக் காலில் நிற்கும் நொடியில் மறுபக்க இடுப்பு சரியாமல் பிடித்து நிறுத்துவது. எல்லாத் தசையையும் இப்படி நடையோடும் படியேறுதலோடும் வைத்துப் படிக்க ஆசை.

அப்புறம் நரம்புப் பாதைகள். பெருமூளையின் இடப்பக்கம் பாதித்தால் வலக்கை தளர்கிறது. சிறுமூளையின் இடப்பக்கம் பாதித்தால் இடக்கையே தடுமாறுகிறது. சிறுமூளையின் பாதை இரண்டு முறை குறுக்கே கடப்பதுதான் காரணம். ஆனால் வரையும்போது குழம்புகிறது.

சீனியர்களே, இதை எந்த வரிசையில் வரைந்து பழகினீர்கள்? கையால் வரைந்த படம் இருந்தால் தயவுசெய்து பகிருங்கள்.