பாரத்தைக் கர்த்தர்மேல் வைத்தபோது நடந்த ஒன்று: உங்களுடையதையும் எழுதுங்கள்

காசிமேட்டு அக்கா

மீன்பிடித் தடைக்காலத்தில் எங்கள் தெரு எப்படி இருக்கும் என்று இங்கே பாதிப் பேருக்குத் தெரியும், அதனால் விளக்கவில்லை. ஏப்ரல் 15-இல் லாஞ்சைக் கட்டினால் ஜூன் 14 வரை 61 நாள். முன்னே 45 நாளாக இருந்தது. வீட்டுக்காரர் வலை தைப்பார், லாஞ்சுக்குப் பெயின்ட் அடிப்பார், மிச்ச நேரம் தூங்குவார். தினம் வீட்டுக்கு வந்து வசூலிக்கிற வட்டிக் கடன், தண்டல், அது மட்டும் நிற்காது.

அன்று எங்கள் வீட்டில் ஜெபக்கூட்டம். பாஸ்டரம்மா பைபிளில் சங்கீதம் 55-ஐ எடுத்து, ‘கர்த்தர்மேல் உன் பாரத்தை வைத்துவிடு, அவர் உன்னை ஆதரிப்பார்’ என்று வாசிக்கும்போதே வாசலில் பைக் நிற்கிற சத்தம். அந்தச் சத்தம் எனக்குத் தூக்கத்திலும் தெரியும். இன்றைக்கு மட்டும் அந்தத் தண்டல்காரர் வரக்கூடாது ஆண்டவரே என்று அதற்குக் கொஞ்சம் முன்புதான் மனதுக்குள் கேட்டிருந்தேன். வந்துவிட்டார்.

கூட்டம் நடக்கிறதைப் பார்த்துவிட்டுப் போய்விடுவார் என்று நினைத்தேன். போகவில்லை. செருப்பைக் கழற்றினார், ஹெல்மெட்டைக் கழற்றிப் படியில் வைத்தார். எல்லாரும் முழங்கால் போட்டதும் ஓரக்கண்ணால் பார்க்கிறேன், வாசற்படிக்கு உள்ளே அவரும் முழங்கால் போட்டிருக்கிறார், வசூல் பையை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு. ஆமென் சொல்லி முடித்ததும் என்னிடம் வந்து, “அக்கா, அந்த அம்மாகிட்ட எனக்கும் ஒரு ஜெபம் பண்ணச் சொல்லுங்க, வீட்ல புள்ளைக்கு ஃபிட்ஸ் வருது” என்றார். பாஸ்டரம்மா தலையில் கைவைத்து ஜெபித்தார். அந்த ஆளுக்குக் கண்ணெல்லாம் தண்ணீர். அப்புறம் சட்டைப்பையிலிருந்து நோட்டை எடுத்து என் பெயர் இருக்கிற பக்கத்தைத் திருப்பினார். கொடுத்தேன். டிக் போட்டுக்கொண்டு கிளம்பினார்.

ஆண்டவர்தான் அவரை அனுப்பினார் என்று பாஸ்டரம்மா சொல்கிறார். அனுப்பட்டும். ஆனால் என் பாரமே அந்த ஆள்தானே, அந்தப் பாரமே என் வீட்டுக்குள் வந்து முழங்கால் போட்டால் நான் எதைக் கொண்டுபோய் எங்கே வைப்பது?

எர்ணாவூர்க்காரன்

அக்காவுக்கு என்ன சொல்வதென்று தெரியவில்லை. என் கதை வேறு மாதிரி. 2023 டிசம்பர், மிக்ஜாம் புயல். எங்கள் பக்கம் வெறும் தண்ணீர் வரவில்லை, எண்ணெயும் சேர்ந்து வந்தது, எண்ணூர் முகத்துவாரம் வரைக்கும் என்ன ஆனது என்று எல்லாரும் டிவியில் பார்த்திருப்பீர்கள்.

வீட்டுக்குள் முழங்காலுக்கு மேல் ஏறிவிட்டது. பக்கத்துத் தெரு மாடி வீட்டுக்குப் போய்விடலாம் என்று அம்மாவை இழுக்கிறேன். அம்மா கூடத்து நடுவில் நின்று கையைத் தூக்கி, ஃபிரிட்ஜைப் பார்த்து, பீரோவைப் பார்த்து, “ஏசப்பா, இதெல்லாம் நீ குடுத்தது, நீயே பாத்துக்கோ” என்று சத்தமாகச் சொன்னார்கள். சரி, முடிந்தது, கிளம்பலாம் என்று வெளியே வந்தால் கதவைச் சாத்தி, அந்தக் கறுப்புத் தண்ணீருக்குள் கையை விட்டுத் துழாவிக் கீழ்த் தாழ்ப்பாளையும் போட்டு, பூட்டையும் மாட்டி, இழுத்துப் பார்த்தார்கள். மறுபடி ஒரு தரம் இழுத்துப் பார்த்தார்கள். “யாரும்மா வந்து திருடப் போறா, தண்ணியில வர்ற மீனா?” என்று கத்தினேன். பதிலே இல்லை. சாவியை ஊக்கில் மாட்டிக்கொண்டு எனக்கு முன்னால் நடக்க ஆரம்பித்துவிட்டார்கள்.

திரும்பி வந்தபோது எதுவும் தேறவில்லை. சுவரில் இடுப்பளவுக்கு எண்ணெய்க் கோடு, பீரோவில் இருந்த துணியெல்லாம் பிசுபிசுவென்று. பூட்டு திறக்கவில்லை, உடைத்துத்தான் உள்ளே போனோம். அம்மா முதலில் “ஸ்தோத்திரம்” என்றார்கள், அடுத்த மூச்சில் எண்ணெயைக் கொட்டினவர்களை வண்டை வண்டையாகத் திட்டினார்கள். அந்த வீட்டை அவர் பார்த்துக்கொண்டாரா இல்லையா என்று நான் இன்னும் அம்மாவிடம் கேட்கவில்லை. கேட்டால் உதைதான் விழும்.

திருவொற்றியூர் பிரதர்

ஸ்தோத்திரம். காசிமேட்டு சிஸ்டர் தவறாக நினைக்கக்கூடாது, நேராகச் சொல்கிறேன். தண்டல் வாங்கிவிட்டுப் பாரத்தைக் கர்த்தர்மேல் வைத்தேன் என்றால் எப்படி? கலாத்தியர் 6-ஆம் அதிகாரம் 2-ஆம் வசனத்தில் ஒருவர் பாரத்தை ஒருவர் சுமக்கச் சொல்கிற அதே அப்போஸ்தலன் பவுல், 5-ஆம் வசனத்தில் அவனவன் தன்தன் பாரத்தைச் சுமப்பானே என்கிறார். இரண்டையும் சேர்த்துப் படிக்க வேண்டும், நமக்கு வசதியானதை மட்டும் படிக்கக்கூடாது.

என் அனுபவம் சின்னது. தெருவில் சீட்டு பிடித்தவர் ராத்திரியோடு ராத்திரியாக ஓடிவிட்டார், என் பணமும் போனது. ஜெபித்துவிட்டுப் படுத்தேன், தூக்கம் வந்தது. மனைவிதான் விடிய விடிய உட்கார்ந்திருந்தாள்.

இப்போது சிஸ்டர் செய்ய வேண்டியது. முதலில் யார் யாரிடம் எவ்வளவு, தினம் எவ்வளவு கட்டுகிறோம் என்று ஒரு நோட்டில் எழுதுங்கள், தண்டல்காரர் நோட்டை நம்பாதீர்கள். ஒரு தண்டலை அடைக்க இன்னொரு தண்டல் எடுக்கவே கூடாது, வட சென்னையில் நிறையக் குடும்பம் அதில்தான் விழுகிறது. அநியாய வட்டிக்கு எதிராக 2003-இலேயே தமிழ்நாட்டில் சட்டம் வந்துவிட்டது, கந்துவட்டி, மீட்டர் வட்டியோடு தண்டலும் அதில் பெயர் சொல்லியே இருக்கிறது. வீட்டில் நகை இருந்தால் கூட்டுறவு வங்கியில் வைத்து மொத்தமாக அடைத்துவிடுங்கள், அந்த வட்டி எவ்வளவோ மேல். பெண்கள் குழுவில் சேர்ந்தால் வங்கிக் கடன் கிடைக்கும். விவசாயிகளுக்குக் கொடுக்கிற கிசான் கிரெடிட் கார்டு 2018-19 பட்ஜெட்டுக்கு அப்புறம் மீனவர்களுக்கும் உண்டு, பாதிப் பேருக்கு இது தெரியாது, வங்கியிலும் தானாகச் சொல்ல மாட்டார்கள், நாம்தான் கேட்க வேண்டும். அரசு கொடுக்கிற தடைக்கால நிவாரணம் வந்த அன்றே அதில் ஒரு பங்கைத் தனியாக எடுத்து வையுங்கள். சபைக்குக் கொடுக்கிற தசமபாகம் வேறு, இது வேறு. அப்புறம் வீட்டுக்காரரைப் பகலில் தூங்கவிடாதீர்கள், தடைக்காலத்தில் வேறு வேலைக்குப் போகிறவர்கள் எத்தனையோ பேர் இருக்கிறார்கள்.

காசிமேட்டு அக்கா

பிரதர், நகை இருந்தால் தண்டல் எதற்கு? நிவாரணம் வந்த அன்றே பள்ளிக்கூட ஃபீஸுக்குப் போய்விடும். சட்டம் எங்கள் தெருவுக்கும் தெரியும், தண்டல்காரருக்கும் தெரியும். ஆனால் நடுராத்திரியில் ஐஸுக்கும் டீசலுக்கும் காசு வேண்டுமென்றால் கூப்பிட்டதும் வருகிறவர் அவர்தான். என் வீட்டுக்காரர் தூங்குவதைப் பற்றி நான் மட்டும்தான் பேசலாம்.

நான் கேட்டது கடனைப் பற்றியே இல்லை. இப்போது அவர் தினம் வருகிறார், புள்ளைக்கு எப்படி இருக்கு என்று நான் கேட்கிறேன், அவரும் நின்று மாத்திரை மாற்றினது வரைக்கும் சொல்கிறார், சொல்லி முடித்துவிட்டு நோட்டை எடுக்கிறார். முன்னே அவரைப் பார்த்தால் பயமும் எரிச்சலும்தான். அது சுலபமாக இருந்தது.

ராயபுரம் சிஸ்டர்

நான் நர்ஸ், ஆஸ்பத்திரி சிஸ்டர். ஆர்.சி., அதாவது ரோமன் கத்தோலிக். 2020-இல் கொரோனாவில் ராயபுரம் மண்டலம் பட்டியலில் மேலேயே இருந்த மாதங்கள் ஞாபகம் இருக்கும். எங்கள் வார்டில் வண்ணாரப்பேட்டைத் தாத்தா ஒருவர். போனில் சார்ஜ் இல்லை, வீட்டு ஆட்கள் யாரும் உள்ளே வர முடியாது. கவச உடைக்குள் நாங்கள் யார் என்று முகமே தெரியாது, அதனால் எங்கள் முதுகில் ஸ்கெட்ச் பேனாவால் பெயரை எழுதியிருப்போம். என் பெயரைப் படித்துவிட்டு, “நீங்க கிறிஸ்டியனாம்மா? ஒரு பரமண்டல ஜெபம் சொல்லேன்” என்றார்.

எனக்குப் பதினோரு கட்டில் பார்க்க வேண்டும். சரி, ஒரு நிமிஷம்தானே என்று ஆரம்பித்தேன். நான் எங்கள் கோயிலில் சொல்கிறபடி, அவர் புராட்டஸ்டன்ட் சபையான சி.எஸ்.ஐ.யில் சொல்கிறபடி, வார்த்தைகள் ஒன்றோடொன்று முட்டிக்கொண்டே போகின்றன. ‘தீமையிலிருந்து எங்களை விடுவித்தருளும்’ என்று நான் நிறுத்திவிட்டேன், எங்களுக்கு அங்கே முடிந்துவிடும். அவருக்கு முடியவில்லை. ஆக்சிஜன் மாஸ்க்கைக் கையால் விலக்கிக்கொண்டு ‘ராஜ்யமும்’ என்றார். மூச்சு வாங்கினார். ‘வல்லமையும்’ என்றார். மானிட்டரில் ஆக்சிஜன் இறங்குவது எனக்குத் தெரிகிறது, மாஸ்க்கைத் திரும்பப் போடப் போன என் கையைத் தள்ளிவிட்டார். ‘மகிமையும்’. மறுபடி மூச்சு. ‘என்றென்றைக்கும் உம்முடையவைகளே’ என்று முழுவதும் சொன்ன பிறகுதான் மாஸ்க் போடவிட்டார்.

மூச்சுக்கே வழியில்லாத மனுஷன் அந்த மூச்சை அதற்குச் செலவு செய்தார். நான் அவர் இடத்தில் இருந்திருந்தால் தண்ணீர் கேட்டிருப்பேன், வீட்டுக்குப் போன் போடச் சொல்லியிருப்பேன். அடுத்த டியூட்டிக்குப் போனபோது அந்தக் கட்டிலில் வேறு ஆள். ஐ.சி.யூ.வா, வீடா, வேறெங்குமா என்று ரெஜிஸ்டரைப் பார்த்தால் தெரிந்திருக்கும். நான் பார்க்கவில்லை, இப்போதும் பார்க்க விருப்பமில்லை.

வியாசை தம்பி

சிஸ்டர் எழுதினதைப் படித்துவிட்டு எழுதுகிறேன், இல்லையென்றால் திருவொற்றியூர் அண்ணாவோடு சண்டை போட்டிருப்பேன்.

எங்கள் அண்ணனுக்கு டயாலிசிஸ். வாரம் மூன்று தரம், ஒவ்வொரு தரமும் நாலு மணி நேரம். ஒருநாள் மெஷின் ஓடிக்கொண்டிருக்கும்போதே தெரிந்தவர் ஒருவர் பைபிளும் இளநீருமாக வந்து, கட்டிலுக்குப் பக்கத்தில் நின்று, “உங்க வீட்ல இன்னும் விசுவாசம் பத்தல தம்பி, பத்தியிருந்தா இந்த மெஷினே வேணாம்” என்றார். அம்மா தலையைக் குனிந்துகொண்டார்கள். எனக்கு ரத்தம் ஏறிவிட்டது. அண்ணன் நிதானமாகக் கடிகாரத்தைப் பார்த்து, “ரெண்டு மணி நேரம் பாக்கி இருக்கு பிரதர், அதுவரைக்கும் ஜெபிங்க, நான் எங்கயும் எழுந்து ஓட முடியாது” என்றான். மனுஷன் பத்து நிமிஷத்தில் கிளம்பிவிட்டார். இளநீரை நர்ஸ் எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள்.

நான் சொல்ல வந்தது இதில்லை. அவர் போன பிறகு அண்ணன் என்னை சங்கீதம் 88 வாசிக்கச் சொன்னான். நான் அதுவரை வாசித்ததில்லை. மற்ற சங்கீதங்கள் அழுதாலும் பெரும்பாலும் கடைசியில் ஒரு துதியில் வந்து நிற்கும், இது அழுகையிலேயே முடிந்துவிடுகிறது. நான் பக்கத்தைத் திருப்பினேன், ஏதோ விட்டுப்போயிற்று என்று. “அவ்ளோதான்டா” என்றான். “இப்படி எழுதினவனையும் பைபிளை விட்டு யாரும் வெளிய தள்ளல பாத்தியா.” சொல்லிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டான். அவன் முகத்தில் நிம்மதியா இருந்தது, சலிப்பா இருந்தது? எனக்குப் பிடிபடவில்லை. அவனிடம் ஏதோ ஒன்று இருக்கிறது, அது என்னிடம் இல்லை, அது மட்டும் தெரிகிறது.

திருவொற்றியூர் பிரதர்

தம்பி, அந்தச் சகோதரர் சொன்ன விதம் தப்பாக இருக்கலாம், ஆனால் விசுவாசம் இல்லாமல் தேவனுக்குப் பிரியமாயிருப்பது கூடாத காரியம் என்று எபிரெயர் 11-இல் இருக்கிறதே. அதையும் தள்ள முடியாது. நாம் மனுஷரைப் பார்க்காமல் வசனத்தைப் பார்க்க வேண்டும்.

பெரம்பூர் அங்கிள்

வசனத்தையே பார்ப்போம் பிரதர். பவுலுக்கு மாம்சத்தில் ஒரு முள் இருந்தது, எடுத்துப்போடச் சொல்லி மூன்று தரம் வேண்டிக்கொண்டார், எடுக்கவில்லை. ‘என் கிருபை உனக்குப் போதும்’ என்றுதான் பதில் வந்தது, இரண்டாம் கொரிந்தியர் 12. பவுலுக்கு விசுவாசம் பத்தவில்லை என்று யார் போய்ச் சொல்வது, நீங்களா? எலியா தீர்க்கதரிசி சூரைச்செடிக்குக் கீழே உட்கார்ந்து சாக வேண்டும் என்று கேட்டபோது தேவதூதன் விசுவாசத்தை அளக்கவில்லை, தட்டி எழுப்பிச் சாப்பிடச் சொன்னான். சுட்ட அடையும் தண்ணீரும். சாப்பிட்டுவிட்டு மறுபடி படுத்ததற்கும் திட்டவில்லை, இரண்டாவது தரமும் எழுப்பிச் சாப்பாடுதான் கொடுத்தான்.

வியாசை தம்பி, அண்ணனுக்கு இளநீர் வேண்டவே வேண்டாம், அதில் பொட்டாசியம் அதிகம், அது உடம்பில் ஏறினால் இதயத்துக்கு ஆபத்து. வாழைப்பழமும் அப்படித்தான். தண்ணீர், மோர், ரசம் எல்லாமே அளவு, டாக்டர் சொன்ன அளவை ஒரு பாட்டிலில் காலையிலேயே பிடித்து வைத்துவிடுங்கள், அதிலிருந்து மட்டும் குடிக்கட்டும். பார்க்க வருகிறவர்கள் பழம் வாங்கி வராமல் இருக்க வாசலிலேயே எழுதி ஒட்டுங்கள். என் மனைவிக்கு நான் ஒட்டினேன். சொந்தக்காரர்களுக்குக் கோபம் வந்தது, வரட்டும். லூர்து மாதா திருவிழாவுக்கு, பிப்ரவரி 11, தவறாமல் இரண்டு பேரும் போவோம். இப்போது நான் மட்டும் போகிறேன்.

எனக்கு எழுத அனுபவம் எதுவும் இல்லை, மற்றவர்களுடையதைப் படிக்கத்தான் வந்தேன்.

மணலி ரோடு

அங்கிள், சாரி.

நான் டூவீலரில் டெலிவரி வேலை. ஹார்பர் போகிற கன்டெய்னர் லாரிகள் வரிசையாக நின்றால் அந்த ரோட்டில் சந்து கிடைக்காது, எங்கள் பக்கத்து ஆட்களுக்குத் தெரியும். சாயங்காலம் ஒன்றில் அப்படி மாட்டிக்கொண்டு நிற்கிறேன், பக்கத்து லாரியில் டிரைவர் யாருடனோ போனில் சண்டை போடுகிற மாதிரி சத்தம். எட்டிப் பார்த்தால் கையில் போனே இல்லை. கண்ணாடிக்கு மேலே சிலுவை தொங்குகிறது. “மதியத்துலேந்து நிக்கிறேன் ஏசப்பா, உனக்குத் தெரியுது இல்ல? வாடகை குடுக்கணும், அவளுக்கு ஸ்கேன் எடுக்கணும், நான் எங்கன்னு ஓடுவேன், நீ இறங்கி வந்து இத ஓட்டிக் காட்டு பாப்போம்” என்று ஸ்டியரிங்கைத் தட்டுகிறார். எனக்குச் சின்ன வயதிலிருந்து கற்றுக்கொடுத்தது தலை குனிந்து கண்ணை மூடிப் பேசுகிற ஜெபம். இவர் ரோட்டைப் பார்த்துக்கொண்டே மேலே இருக்கிறவரை ஒருமையில் வாங்கு வாங்கென்று வாங்குகிறார்.

என்னைப் பார்த்துவிட்டார். வெட்கப்படுவார் என்று நினைத்தேன். “இன்னா பாக்குற, சின்னதா ஒரு சந்து உடறேன், போய்க்கோ” என்று வண்டியை அரை அடி நகர்த்தினார். நான் உள்ளே புகுந்து போய்விட்டேன். பின்னால் மறுபடி ஆரம்பித்தது கேட்டது, விட்ட இடத்திலிருந்து.

அதிலிருந்து நானும் ஓட்டிக்கொண்டே வாய்விட்டுத்தான் பேசுகிறேன், டியூ, அம்மாவின் சுகர், எல்லாவற்றையும். ஹெல்மெட் போட்டிருப்பதால் யாருக்கும் கேட்பதில்லை. சிக்னலில் நிற்கும்போது மட்டும் பக்கத்து வண்டிக்காரர்கள் ஒரு மாதிரி பார்க்கிறார்கள்.