2 அடி உயரத் தளமும் 24 அடிச் சாய்தளமும்

தம் ஊர்ப் பள்ளியின் பழைய கட்டடத்தை இடித்துவிட்டுப் புதிதாகக் கட்டிய அனுபவத்தை நண்பர் ஒருவர் எழுதியிருந்தார். காவிரிப் படுகையிலுள்ள எங்கள் ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளியை நாங்கள் இடிக்காமலே சீரமைத்தோம். பள்ளி மேலாண்மைக் குழுவில் இருந்தவன் என்ற முறையில் அதைப் பகிர்கிறேன்.

2021 டிசம்பரில் நெல்லையில் பள்ளிக் கழிப்பறைச் சுவர் இடிந்து 3 மாணவர்கள் இறந்தபின், எங்கள் கட்டடத்தையும் தரைமட்டமாக்கிவிட வேண்டும் என்றே ஊரில் பலர் சொன்னார்கள். பெற்றவர்களின் அந்த அச்சத்தை நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் பார்வையிட வந்த பொறியாளர் தேக்கு விட்டங்களை ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்து, இரண்டு மட்டுமே உளுத்திருப்பதாகச் சொன்னார். தேக்கு விட்டங்களின் மேல் செங்கல்லைச் செங்குத்தாக அடுக்கி, செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் போட்டுக் கெட்டித்து, தட்டோடு பதித்த மெட்ராஸ் டெரஸ் கூரை அது. சித்திரை வெயிலிலும் உள்ளே பிள்ளைகளால் உட்கார முடியும். சுவர்களில் ஓதம் ஏறியதற்குக் காரணம், எப்போதோ சுண்ணாம்புச் சுவரின் மேல் பூசிய சிமென்ட்; உள்ளே ஏறிய ஈரம் வெளியேற வழியில்லாமல் தங்கிச் செங்கல்லை அரித்திருந்தது. அதைக் கொத்தி எடுத்துவிட்டு, கடுக்காயும் வெல்லமும் ஊறிய நீரில் குழைத்த சுண்ணாம்புக் காரையைப் பூசினோம். அந்த வேலை தெரிந்த கொத்தனாரைத் தேடிப் பிடிக்கவே ஒரு மாதம் ஆனது.

சக்கர நாற்காலி ஏறுவதற்கான சாய்தளத்தில்தான் நாங்கள் தவறினோம். வகுப்பறைத் தளம் தரையிலிருந்து 2 அடி உயரம். ஒப்பந்ததாரர் 8 அடி நீளத்தில் சாய்தளத்தை முடித்துவிட, நாங்களும் ஒப்புக்கொண்டோம். சக்கர நாற்காலியில் வரும் மூன்றாம் வகுப்புச் சிறுமி அதில் பாதி ஏறியதும் முன்சக்கரங்கள் மேலே தூக்கி, நாற்காலி பின்னால் சரிந்தது. அவளுடைய அம்மா பாய்ந்து வந்து தோளைக் கொடுத்துத் தாங்கினார். 1 அடி உயரத்திற்கு 12 அடி நீளம் வேண்டும் என்ற விதியை அன்றைக்குத்தான் நாங்கள் எடுத்துப் படித்தோம் என்பதை நினைத்தால் இன்றும் மனம் குறுகுகிறது. ஏற்கெனவே உள்ள பொதுக் கட்டடங்களையும் மாற்றுத்திறனாளிகள் தடையின்றிப் பயன்படுத்தும்படி மாற்ற வேண்டும் என்று 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டமே சொல்கிறது. போட்ட கான்கிரீட்டை உடைத்து, 12 அடி போனதும் திரும்புமாறும், திருப்பத்தில் நின்று இளைப்பாற 5 அடிச் சதுரத் தளம் இருக்குமாறும், இருபுறமும் கைப்பிடியுடன் 24 அடிக்கு மறுபடி கட்டினோம். இப்படித் திருப்பிக் கட்டியதால் முற்றத்து வேப்பமரத்தை வெட்ட வேண்டியிருக்கவில்லை.

2004 ஜூலை 16 அன்று கும்பகோணத்தில் 94 குழந்தைகளைத் தீக்குப் பறிகொடுத்த பகுதி எங்களுடையது. ஆகவே, செலவு கூடினாலும் ஒவ்வொரு வகுப்பறைக்கும் வெளிப்பக்கம் திறக்கும் இரண்டாவது கதவு வேண்டும் என்று தாய்மார்கள் பிடிவாதமாக நின்றார்கள், வைத்தோம். மழைநீர்க் குழாய்களைப் பழைய கிணற்றில் இணைத்தோம்.

கழிப்பறையை எப்படி அமைத்தீர்கள் என்று ஒருவர் கேட்டிருந்தார். கதவு 3 அடி அகலம், நிலைப்படி கிடையாது, உள்ளே நாற்காலி முழுதாகத் திரும்பும் இடம். கைகழுவும் குழாயின் உயரத்தை நாங்கள் அளவுகோலால் முடிவுசெய்யவில்லை. அந்தச் சிறுமியை அங்கே உட்காரவைத்து, அவள் கை எட்டிய இடத்தில் கரித்துண்டால் கோடு போட்டுக் குழாயைப் பதித்தோம்.