மறு: கீபோர்டு நிதி – முதலில் ஆர்மோனிய மாமாவைப் பாருங்கள்

மரியே வாழ்க. சங்கத்து உறவுகள் அனைவருக்கும் வணக்கம்.

புதுச்சேரியில் உள்ள நம் கோயிலுக்குக் கீபோர்டும் ஒலிபெருக்கியும் வாங்க மூன்று லட்ச ரூபாய் வேண்டும் என்று செயலாளர் தம்பி எழுதியிருந்தார். பாரிஸ் பக்கத்துச் சார்செல் மாமா நூறு யூரோ தருவதாகச் சொல்லிவிட்டார். ரீயூனியன் தீவு அக்காவும் சொல்லிவிட்டார். நான் மட்டும் வாய் திறக்கவில்லை. காரணத்தைச் சொல்கிறேன், கொஞ்சம் நீளும்.

பொங்கலுக்கு என் தங்கை மகள் புதுச்சேரி போயிருந்தாள். ஞாயிறு இரண்டாம் பூசையில், நம் கோயில் பாட்டுகளுக்கு ஆர்மோனியம் வாசித்த ஆர்மோனிய மாமா கடைசி பெஞ்சில், தூணுக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தாராம். காணிக்கைப் பாடலின்போது இருமல் வந்து எழுந்து போனவர் திரும்பவில்லை. இவள் தேடிக்கொண்டு போனால், மாதா கெபி (குகைபோல் கட்டிய சிற்றாலயம்) பக்கத்தில் சுவரைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்க நின்றிருக்கிறார். அடையாளம் தெரிந்ததும் அவர் கேட்ட முதல் கேள்வி, "உன் அம்மா இன்னும் இரண்டாம் குரல் பாடுகிறாளா?" என்பதுதான். அவள் போனில் இதைச் சொன்னபோது தங்கை அழுதுவிட்டாள்.

அந்த நெஞ்சு முப்பத்து நான்கு வருடம் மில்லில் பஞ்சுத் தூசியைக் குடித்த நெஞ்சு. இரவு ஷிப்ட் முடிந்து சைக்கிளில் நேராகக் கோயிலுக்கு வருவார். புருவத்திலும் காதோர முடியிலும் பஞ்சு வெள்ளையாக ஒட்டியிருக்கும். குழாயடியில் முகத்தைக் கழுவிக்கொண்டு பாடகர் மாடிக்கு ஏறுவார். சனிக்கிழமை மாலை பாட்டுப் பழக்கத்துக்காக, யாரும் விரும்பாத இரவு ஷிப்டைக் கேட்டு வாங்கிக்கொள்வார். அவர் வீட்டு அத்தை இதற்காக எத்தனை சனிக்கிழமை அவரோடு பேசாமல் இருந்தார் என்பது எங்கள் தெருவுக்கே தெரியும்.

அந்த ஆர்மோனியத்தை நினைத்துப் பாருங்கள். துருத்தி கிழிந்த இடத்தில் சைக்கிள் டியூப் ஒட்டு. கடற்காற்றில் திருகாணி எல்லாம் துரு. ரீடு, அதாவது ஒலி எழுப்பும் உலோக நாக்கு, ஏதாவது ஊமையாகிவிட்டால் மேல் பலகையைத் தூக்கி, மெல்லிய காகிதத் துண்டை அதன் அடியில் விட்டு மெதுவாக இழுப்பார். தூசி காகிதத்தோடு வந்துவிடும். மூச்சை அடக்கிக்கொண்டுதான் அதைச் செய்வார், நாங்களும் மூச்சை அடக்கிக்கொண்டுதான் பார்ப்போம்.

பெரிய வியாழன் பூசையில் 'உன்னதங்களிலே' பாடி முடித்ததும் பெட்டியைப் பூட்டிவிடுவார். பாஸ்கா இரவில் மறுபடி மணி அடிக்கும்வரை திறக்க மாட்டார். பெரிய வெள்ளிப் பாடல்கள் முழுவதற்கும் அவர் தொண்டையிலிருந்து வரும் ஒரு முனகல்தான் சுருதி. அதைப் பிடித்துக்கொண்டு முப்பது பேர் பிசகாமல் பாடினோம்.

தானே புயலை மறந்துவிட்டீர்களா? 2011 டிசம்பர் 30 விடியற்காலையில் அடித்தது. மறுநாள் இரவு நன்றிப் பூசை. ஊரில் ஒரு கம்பம் நிற்கவில்லை, மின்சாரம் கிடையாது, அப்போதிருந்த கீபோர்டு வெறும் பெட்டியாகக் கிடந்தது. மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் இந்த ஒட்டுப் போட்ட ஆர்மோனியம்தான் பாடியது. நான் விடுமுறையில் அங்கே இருந்தேன். ஓடு பறந்துபோன வீட்டுக்காரர்கள்கூட வந்து பாடினார்கள்.

கீபோர்டு வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. பிள்ளைகள் ஆசையாகக் கேட்கிறார்கள், வாங்கிக் கொடுப்போம். ஆனால் முதல் செலவு அதுவல்ல, ஆர்மோனிய மாமாவுக்குத்தான்.

பாரிஸ் பக்கத்து லா கூர்நேவ் அண்ணன், ஒருவருக்குத் தனியாகக் கொடுப்பது சங்க விதியில் இல்லை என்கிறார், ரசீது எங்கே என்கிறார். அண்ணா, உங்கள் அம்மா அடக்கப் பூசைக்கு அவர் அரைநாள் சம்பளத்தை விட்டுவிட்டு வந்து பாடினார். நீங்கள் நீட்டிய கவரைக் கையால்கூடத் தொடவில்லை. அதற்கு ரசீது யாரிடம் இருக்கிறது? கோபமாகத்தான் எழுதுகிறேன், தப்பாக எடுத்துக்கொண்டாலும் பரவாயில்லை. மில் ஆட்களுக்கு வரும் ஓய்வூதியம் என்னவென்று தெரியுமா? 2014 முதல் குறைந்தபட்சம் மாதம் 1,000 ரூபாய். மாமாவுக்கு அதற்குமேல் சில நூறு. அதில் மருந்தும் வாங்க வேண்டும், அரிசியும் வாங்க வேண்டும்.

தர்மம் என்று கொடுத்தால் வாங்க மாட்டார், அவர் ரோஷம் உங்களுக்கே தெரியும். அதனால் சம்பளமாகக் கொடுப்போம். இந்தத் தவக்காலத்தில் பிள்ளைகளுக்குப் பெரிய வாரப் பாடல்களை உட்கார்ந்தபடியே அவர் சொல்லிக் கொடுக்கட்டும். மாதம் ஆறாயிரம் ரூபாய், ஒரு வருடத்துக்கு. முதல் மூன்று மாதம் என் பொறுப்பு, பணம் இன்றே அனுப்புகிறேன். அண்ணன் விரும்பும் ரசீதில் மாமாவே கையெழுத்துப் போடுவார். ஜிப்மர் மருத்துவமனையில் நெஞ்சு நோய்ப் பிரிவுக்கு அழைத்துப்போக முத்தியால்பேட்டைச் சித்தப்பா மகன் ஒப்புக்கொண்டிருக்கிறான்.

இன்னொன்று. அவர் அப்பா லத்தீன் பூசைப் பாட்டுகளைத் தமிழ் எழுத்தில் எழுதிவைத்த நீல அட்டை நோட்டு ஒன்று உண்டு. பூசை தமிழுக்கு மாறிய பிறகு, மிச்சப் பக்கங்களில் மாமா தமிழ்ப் பாட்டுகளை எழுதினார். ஒவ்வொரு பாட்டின் ஓரத்திலும் சுருதி எத்தனை கட்டை என்று பென்சிலில் குறித்திருப்பார். அது பாடகர் மாடி அலமாரியில்தான் இருந்தது. அந்த அலமாரியை ஒலிபெருக்கி வைக்க இடமில்லை என்று கீழே இறக்கிவிட்டதாகத் தங்கை மகள் சொல்கிறாள். செயலாளர் தம்பி, தவக்காலம் தொடங்கும் சாம்பல் புதனுக்கு முன் ஒரு நடை போய், நோட்டு இருக்கிறதா என்று பார்த்து எழுதுங்கள். கரையான் அரித்திருந்தாலும் மறைக்காமல் எழுதுங்கள்.