புதுப்பிப்பு: எக்ஸிமா க்ளெய்ம், தேதியை மாற்றிவிட்டார்கள்

முன்பு எழுதியதன் தொடர்ச்சி. அமெரிக்க ராணுவத்தில் இருந்த என் கணவருக்கு எக்ஸிமா (தோல் அழற்சி நோய்). அதற்கு முன்னாள் படைவீரர் துறை (VA) தரும் இழப்பீட்டைத் தீர்மானிக்கும் ஊன மதிப்பீடு 10 சதவீதத்திலிருந்து 30 ஆக உயர்ந்தது. ஆனால் உயர்வைப் பரிசோதனை நடந்த மே 2023 முதல்தான் தந்தார்கள் என்று புலம்பியிருந்தேன். நேற்று மறுஆய்வு முடிவு வந்தது. இப்போது உயர்வு அக்டோபர் 2021 முதல்!

எங்களைக் காப்பாற்றியது இரண்டு காகிதம். மார்ச் 2022இல் கொடுத்த 'இன்டென்ட் டு ஃபைல்' (விண்ணப்பிக்கப் போகிறோம் என்ற முன்னறிவிப்பு) ஒன்று. ஒரு வருடத்துக்குள் முழு விண்ணப்பமும் போய்விட்டதால் அந்த நாளே க்ளெய்ம் தேதி. உயர்வு கேட்கும்போது அதற்கு முந்தைய ஒரு வருடத்தையும் பார்க்க வேண்டும் என்பது விதி. அந்த ஒரு வருடத்துக்குள், 2021 அக்டோபரில், தோல் மருத்துவர் "உடம்பில் 25 சதவீதம்" என்று குறித்திருந்தார். உடம்பில் 20 முதல் 40 சதவீதம் வரை பரவியிருந்தால் மதிப்பீடு 30 சதவீதம். அந்தக் குறிப்பு முதலிலிருந்தே கோப்பில் இருந்தது, யாரும் புரட்டவில்லை. இந்த வகை மறுஆய்வில் புது ஆதாரம் சேர்க்க முடியாது என்பதால் அது உள்ளே இருந்தது பெரும் நிம்மதி.

களிம்பு பூசுவதை வைத்தே மதிப்பீட்டை உயர்த்த முடியாதா என்று பலர் கேட்டீர்கள்: மேலே பூசுவது மட்டும் 'சிஸ்டமிக்' (உடல் முழுவதும் செயல்படும்) சிகிச்சையாகாது, தோல் நோய் மதிப்பீட்டு விதிகளின் 2018 திருத்தத்தில் தெளிவாகவே இருக்கிறது. ஆகவே தோல் கொப்பளிக்கும் நாளிலேயே மருத்துவரிடம் போங்கள், சதவீதத்தை எழுதச் சொல்லுங்கள். நிலுவைத் தொகை நவம்பர் 1, 2021இலிருந்து கணக்கு.