புதுப்பிப்பு: சம்பா நெல் பணத்தை எங்கே போட்டோம்

மாசியில் கேட்டிருந்தேன்: கொள்முதல் நிலையத்தில் நெல் போட்டு வந்த இரண்டரை லட்சம், சேமிப்புக் கணக்கில் 2.5 சதவீத வட்டிக்குக் கிடக்கிறது. ஜூனில் தொடங்கும் குறுவை நெல் சாகுபடி வரை எங்கே வைக்கலாம் என்று. வழி சொன்ன எல்லாருக்கும் நன்றி.

அஞ்சலக ஓராண்டு வைப்பு எங்களுக்குச் சரிவரவில்லை. 6 மாதத்துக்கு முன் அதை எடுக்க முடியாது. ஜூன் 12-ல் மேட்டூர் அணை திறந்தால் உழவு, நாற்றங்கால் எல்லாவற்றுக்கும் உடனே பணம் வேண்டும். ஆனால் அஞ்சலகச் சேமிப்புக் கணக்கு 4 சதவீதம் தருகிறது, எப்போதும் எடுக்கலாம். 50,000 அதில் போட்டோம். 10-ம் தேதிக்குள் போடுங்கள். 10 முதல் மாதக் கடைசி வரை இருக்கும் குறைந்த இருப்புக்குத்தான் வட்டி.

மீதி 2 லட்சத்தை மன்னார்குடியில் வங்கியில் 91 நாள் வைப்பாக, 5 சதவீதத்துக்கு, ஐம்பது ஐம்பதாயிரமாக நாலு ரசீது போட்டோம். அவசரமென்றால் ஒன்றை மட்டும் உடைத்தால் போதும். பழைய சேமிப்புக் கணக்கைவிட இந்த 2 லட்சத்தில் கூடுதலாகக் கிடைத்தது சுமார் 1,250 ரூபாய், கிட்டத்தட்ட ஒரு மூட்டை டி.ஏ.பி. உரத்தின் விலை.

ஒன்று சொல்லியே ஆக வேண்டும். அந்த வங்கியில் ஒருவர் "இதுவும் டெபாசிட் மாதிரிதான்" என்று அப்பாவிடம் 5 வருடக் காப்பீட்டுப் படிவத்தை நீட்டினார். அப்பா பேனாவை எடுத்துவிட்டார், நான்தான் தடுத்தேன். வங்கி முடங்கினாலும், வைப்புப் பணம் வட்டியும் சேர்த்து 5 லட்சம் வரை திரும்பக் கிடைக்க வைப்புக் காப்புறுதி உண்டு. அந்தத் திட்டத்துக்கு அது கிடையாது. பெரியவர்களைத் தனியாக அனுப்பாதீர்கள்.

போன வாரம் இரண்டு ரசீதை எடுத்து உழவுக்குக் கொடுத்தாயிற்று.