வச்சிரமும் வெள்ளைப் பசையும்: பழைய வயலின் பட்டறை அனுபவங்கள்

முதலிலேயே ஒப்புக்கொண்டு விடுகிறேன். அந்த வயலினைக் கெடுத்தவர்களில் நானும் ஒருவன்.

தாத்தா வாசித்த வயலின் அது. அவருக்குப் பிறகு யாரும் தொடாமல் பெட்டிக்குள்ளேயே கிடந்தது. என் கைக்கு வந்தபோது மூன்று தந்திகள் அறுந்திருந்தன. மேல்பலகையின் கீழ்ப்பாதியில் ஒரு விரிசல். அதையொட்டி ஓரம் பிரிந்து, நகம் நுழையும் அளவுக்கு வாய் திறந்திருந்தது. எனக்கு அப்போது இருபது வயது, எதையும் சரிசெய்துவிடலாம் என்று தோன்றுகிற வயது. மரவேலைக்கு வாங்கி வைத்திருந்த வெள்ளைப் பசையை விரிசலுக்குள் வழியவிட்டேன், ஓரத்திலும் தாராளமாகத் தடவினேன், மேலே கனமான புத்தகங்களை அடுக்கினேன். மேடாக வளைந்த பலகையின் மேல் புத்தகம் அடுக்கலாமா என்றெல்லாம் யோசிக்கவில்லை. மறுநாள் பார்த்தால் உடும்புப் பிடி. வீட்டில் எல்லோரையும் கூப்பிட்டுக் காட்டினேன்.

பதினைந்து வருடம் கழித்து, முறையாகச் சரிசெய்து வாசிக்க ஆசை வந்து ஒரு பட்டறைக்கு எடுத்துப் போனேன். விடுமுறை நாட்களில் பக்கத்தில் உட்கார்ந்து பார்க்கலாமா என்று கேட்டதற்கு, பட்டறைக்காரர் "பேசாம இருந்தா பாக்கலாம்" என்றார். பேசாமல் இருப்பதற்கு எனக்கு வேறு காரணமும் இருந்தது.

அவர் முதலில் செய்தது, மேல்பலகையில் இருக்கும் எஃப் வடிவத் துளை வழியாக ஒரு சின்ன பல்பையும் பல் மருத்துவர் வைத்திருப்பது போன்ற கண்ணாடியையும் உள்ளே விட்டுப் பார்த்தது. உள்ளே ஒட்டியிருந்த சீட்டைப் பற்றி நான் கனவே கண்டிருந்தேன். "அந்தோனியுஸ் ஸ்ட்ராடிவாரியுஸ் கிரெமோனென்ஸிஸ் ஃபாசியேபாட் அன்னோ 1721" என்று லத்தீனில் இருந்தது. அவர் சிரிக்கவில்லை, அதற்கு நன்றி. ஸ்ட்ராடிவாரி கிரெமோனா ஊரின் பேர்பெற்ற வயலின் கைவினைஞர், 1737-இல் இறந்தவர், அவர் கையால் செய்த கருவிகளில் இன்று எஞ்சியிருப்பவை சுமார் 650தான், ஆனால் அந்தச் சீட்டு ஒட்டிய வயலின்கள் லட்சக்கணக்கில் இருக்கும் என்றார். 19-ஆம் நூற்றாண்டின் பிற்பாதியிலும் 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலும் ஜெர்மனியின் மார்க்நொய்கிர்ஷென், மிட்டன்வால்ட், பிரான்ஸின் மிர்கூர் போன்ற ஊர்களிலிருந்து மூட்டை மூட்டையாக வந்தவை. எல்லாமே ஏமாற்று வேலையும் இல்லை. ஸ்ட்ராடிவாரியின் அச்சைப் பின்பற்றிச் செய்தது என்ற பொருளில்தான் பெரும்பாலும் ஒட்டினார்களாம்.

பிறகு ஈரப்பஞ்சால் சீட்டின் அடிப்பக்கத் தூசியை மெல்ல ஒற்றி எடுத்தார். பொடி எழுத்தில் "ஜெர்மனி" என்று இருந்தது. கிரெமோனா இருப்பது இத்தாலியில்! இறக்குமதிப் பொருளில் அது செய்யப்பட்ட நாட்டின் பெயர் இருக்க வேண்டும் என்று 1890-இல் அமெரிக்கா சட்டம் போட்ட பிறகுதான் இப்படி அச்சிடுவது பரவியது என்றும், ஆக இது அதற்குப் பிந்தைய வயலினாகத்தான் இருக்கும் என்றும் சொன்னார். இரண்டே நிமிடத்தில் என் வயலின் கிட்டத்தட்ட 170 வருடம் இளமையாகிவிட்டது.

அப்புறம் ஒரு கைப்பிடி அரிசியை எஃப் துளை வழியாக உள்ளே போட்டுக் குலுக்கினார். நான் விளையாட்டு என்று நினைத்தேன். வெளியே கொட்டியபோது அரிசி சாம்பல் நிறத்தில் இருந்தது, கூடவே உருண்டை உருண்டையாகப் பஞ்சுத்தூசி.

மேல்பலகையைத் திறந்த நாள்தான் எனக்கு மறக்காது. முனை மழுங்கிய, மெல்லிய கத்தி ஒன்றை ஓரத்தில் நுழைத்து, வெட்டாமல் நெம்பாமல் கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்தினார். பழைய வச்சிரம் டிக், டிக் என்று சின்னச் சத்தத்தோடு விட்டுக்கொண்டே வந்தது. விலங்குத் தோலைக் காய்ச்சி எடுக்கிற பசைதான் வச்சிரம், பழைய தச்சர்களுக்கு நன்றாகத் தெரியும். காய்ந்தால் கண்ணாடி மாதிரி நொறுங்கும், வெந்நீர் பட்டால் இளகும். நூறு வருடத்துக்கு முன்னால் ஒட்டியது நூறு நிமிடத்தில் பிரிந்து வருகிறது. முக்கால்வாசி சுற்று முடிந்தபோது கத்தி நின்றது, நான் ஒட்டிய இடத்தில்.

"யாரோ நல்ல மனசோட செஞ்சிருக்காங்க" என்றார். நான் சீட்டைப் படிப்பது போலக் குனிந்துகொண்டேன்.

உள்ளங்கை நீளம்கூட இல்லாத அந்தப் பகுதிக்கு மட்டும் அரை நாள் ஆனது. வெள்ளைப் பசை ஈரத்திலும் இளஞ்சூட்டிலும் ரப்பர் மாதிரி ஆகிறதே தவிர, மரநாரை விட்டு முழுதாக வெளியே வராது. அது மிச்சமிருக்கும் இடத்தில் வச்சிரம் பிடிக்கவும் பிடிக்காது. கடைசியில் பலகையின் நார்களும் பசையோடு சேர்ந்து பிய்ந்துதான் வந்தன. அந்த ஓரத்துக்குப் புதிய ஸ்ப்ரூஸ் மரம் வைத்து இழைக்க வேண்டியதாயிற்று.

இதைவிட என்னைக் குத்தியது வேறொன்று. நான் ஒட்டிய விரிசலுக்குப் பக்கத்திலேயே இன்னொரு விரிசல் இருந்தது, தாத்தா காலத்தில் இல்லாதது. மேல்பலகை ஸ்ப்ரூஸ். வறண்ட நாட்களில் குறுக்குவாட்டில் சுருங்கும், ஈரக்காற்றில் விரியும். அதனால் மேல்பலகையின் ஓரத்தை மட்டும் வேண்டுமென்றே தண்ணீர் கூட்டிய வச்சிரத்தால் ஒட்டுவார்களாம். மரம் இழுக்கும்போது ஒட்டு விட்டுக்கொடுக்கும், பலகை பிழைக்கும். என் ஓரம் விட்டுக்கொடுக்கவில்லை. இழுப்பு முழுவதும் பலகைக்கே போனது, பலகை பிளந்தது. உடும்புப் பிடி என்று காட்டிக்கொண்டேனே, அதன் விலை அது.

மூன்றாவது வாரம் உண்மையைச் சொன்னேன். "தெரியும். விரிசல்ல கை நடுக்கம் இல்லை, ஓரத்துல அவசரம் இருக்கு, வயசுப் பையன் வேலைன்னு நெனச்சேன்" என்றார். பிறகு வச்சிரக் கிண்ணத்தை என் பக்கம் நகர்த்தி, சூடு 60 டிகிரியைத் தாண்டாமல் பார்த்துக்கொள்ளச் சொன்னார். கொதித்தால் பசையின் வலு போய்விடும். அன்றிலிருந்து எனக்கும் ஒரு வேலை.

உள்ளே இன்னொரு ஆச்சரியம். மேல்பலகையின் அடியில், கனத்த தந்தியின் பக்கமாக நீளவாக்கில் ஓடும் பேஸ் பார் என்ற மரச்சட்டம் தனித் துண்டாக ஒட்டப்படவில்லை. பலகையைக் குடையும்போதே அந்த இடத்தைக் குடையாமல் விட்டிருந்தார்கள். மலிவு வேலையின் அடையாளம். அதை எடுத்துவிட்டுப் புதிதாக வைக்கலாமா என்று என்னிடம் கேட்டுவிட்டு, அப்படியே செய்தார். அந்த வேலையின் பொறுமையை எழுத்தில் கொண்டுவர முடியவில்லை. பலகையின் உட்புறத்தில் சாக்கட்டி தேய்ப்பார், மரத்துண்டை வைத்து அழுத்துவார், துண்டில் வெள்ளை ஒட்டிய புள்ளிகளை மட்டும் சீவுவார், மறுபடி சாக்கட்டி. தூசி கனத்துக்குத்தான் சீவல் விழும். ஒரு சாணுக்குச் சற்று நீளமான துண்டு, முழு நீளத்திலும் வெள்ளை ஒட்டும் வரை மூன்று நாள்.

வார்னிஷைப் பளபளவென்று ஆக்கித் தரச் சொன்னேன், கறாராக மறுத்துவிட்டார். தந்திகளைத் தாங்கி நிற்கும் பிரிட்ஜைச் சுற்றிக் கறுப்பாக இறுகியிருந்த, வில்லில் தேய்க்கும் ரோசினின் அழுக்கை மட்டும் பஞ்சுக் குச்சியால் எடுத்தார். பஞ்சை நனைத்தது எச்சிலால்! அருங்காட்சியகங்களிலும் இதைச் செய்வார்களாம், எச்சிலில் உள்ள நொதிகள் அழுக்கை இளக்கும். விரிசல் கோட்டுக்குள் மட்டும் மயிரிழைத் தூரிகையால் நிறம் வைத்தார். மற்ற தேய்மானம் எல்லாம் அப்படியே இருக்கிறது, தாத்தாவின் கை பட்டு வழுவழுத்த தோள் உட்பட.

* * *

மேலே எழுதியவருக்கு நன்றி, என் குற்ற உணர்ச்சி பாதியாகக் குறைந்தது. நான் வாசிக்க மட்டும் தெரிந்தவள். என்னுடையதும் பழைய வயலின். தூசி துடைக்கலாம் என்று தந்திகளை முறுக்கும் நான்கு பிருடைகளையும் ஒரே நேரத்தில் தளர்த்தினேன். பிரிட்ஜ் சரிந்தது. உள்ளே ஏதோ கடகடவென்று உருண்டது. வயலினுக்குள் எலும்பு முறிந்துவிட்டது என்றே நினைத்து அழுதேன்.

உருண்டது சவுண்ட் போஸ்ட். சுமார் 6 மில்லிமீட்டர் தடிமனுள்ள ஸ்ப்ரூஸ் குச்சி, மேல்பலகைக்கும் கீழ்ப்பலகைக்கும் நடுவில் நிற்பது. பசை கிடையாது, அழுத்தத்தில் மட்டுமே நிற்கும். அது இல்லாமல் மறுபடி தந்தியை முறுக்கிவிடலாம் என்று போனேன், நல்லவேளையாகத் தோழி ஒருத்தி தடுத்தாள். நான்கு தந்திகளின் மொத்த இழுவிசை 20 கிலோவுக்கு மேல் இருக்கும், அதில் ஒரு பகுதி பிரிட்ஜ் வழியாகப் பலகையை நேராகக் கீழே அழுத்துகிறது. போஸ்ட் இல்லாவிட்டால் பலகை உள்வாங்கிவிடும். பட்டறையில் எஸ் வடிவக் கம்பி ஒன்றால் எஃப் துளை வழியாகவே குச்சியை நிறுத்தினார்கள். அரை மில்லிமீட்டர் நகர்த்தினால் குரல் மாறுகிறது, நானே கேட்டேன். இப்போது ஒரு தந்தியைக் கழற்றி மாட்டிய பிறகுதான் அடுத்ததைத் தொடுகிறேன்.

* * *

நான் இந்தத் தொழிலில் இருப்பவன். முதல் அனுபவத்தைப் படித்து மகிழ்ந்தேன், ஆனால் இரண்டு இடத்தில் எனக்கு மாற்றுக் கருத்து உண்டு.

வச்சிரத்தைத் தெய்வமாக்க வேண்டாம். மூடிய காருக்குள் வெயிலில் வைத்த வயலின்கள் என்னிடம் கழுத்து சாய்ந்தும் பக்கப்பட்டை பிரிந்தும் வந்திருக்கின்றன. சூட்டில் இளகுவது எங்களுக்குச் சாதகமான பலவீனம், வாசிப்பவருக்கு எப்போதும் அப்படி இல்லை. இருந்தாலும் வேறு பசை தொட மாட்டேன். கழுத்து உடைந்த ஒரு வயலினை யாரோ எபாக்ஸி போட்டு, போதாததற்கு மர ஸ்க்ரூவும் முடுக்கிக் கொண்டுவந்தார்கள். அதைக் கழற்ற ஆன நேரத்தில் புதுக் கழுத்தே செதுக்கியிருப்பேன்.

இரண்டாவது, குடையாமல் விட்ட பேஸ் பாரை எடுத்துவிட்டுப் புதிது வைத்தது. நான் என்றால் தயங்கியிருப்பேன். அவசர வேலையாக இருந்தாலும் அதுவும் அந்தக் காலத்துக் கை. இதற்கு மறுவாதமும் எனக்குத் தெரியும். ஸ்ட்ராடிவாரியின் வயலின்களிலேயே ஏறக்குறைய எல்லாவற்றிலும் பேஸ் பாரையும் கழுத்தையும் பின்னால் வந்தவர்கள் மாற்றியிருக்கிறார்கள். மெய்யான பழமை என்று நாம் மயங்குவதில் பாதி, பழுதுபார்த்தவர்களின் மரம். ஆக வாசிக்கப் போகிறாரா, வைத்துப் பார்க்கப் போகிறாரா என்று கேட்டுவிட்டுத்தான் உளியை எடுக்க வேண்டும்.

கீழ் ஓரத்தில் விரிசல் என்றதும் எனக்கு இன்னொரு சந்தேகம். தந்திகளின் கீழ்முனையை இழுத்துப் பிடிக்கும் வால்கயிறு, மேல்பலகையின் ஓரத்தில் வளைகிற இடத்தில் கருங்காலித் துண்டு ஒன்று பதித்திருப்பார்கள். அதை இடைவெளி இல்லாமல் இறுக்கிப் பதித்தால், பலகை சுருங்கும்போது கருங்காலி அதே அளவு சுருங்காது, அதன் இரு முனையிலிருந்தும் பலகை கிழியும். பழைய வயலின் வந்தால் நான் முதலில் பார்ப்பது அங்கேதான். இரு பக்கமும் ஒரு தாள் கனத்துக்கு இடைவெளி விட்டுப் பதித்தால் போதும். உங்கள் விரிசல் அங்கிருந்து தொடங்கியதா?

* * *

ஆமாம், முதல் விரிசல் சரியாக அங்கேதான் தொடங்கியிருந்தது. பட்டறைக்காரரும் அந்தத் துண்டை எடுத்து முனைகளைச் சீவித் திரும்ப வைத்தார். ஏன் என்று அப்போது கேட்கவில்லை, இப்போது புரிகிறது. பேஸ் பார் விஷயத்தில் நீங்கள் சொல்வது நியாயம். வாசிக்கத்தான் வேண்டும் என்று நான் சொன்ன பிறகே அவர் தொட்டார்.

குரல் எப்படி என்று கேட்கும் முன்பே சொல்லிவிடுகிறேன். ஸ்ட்ராடிவாரி இல்லை. கனத்த தந்திகளில் ஒரு கரகரப்பான ஆழம், மேல் தந்தியில் கொஞ்சம் மூக்கால் பேசுகிறது. எனக்குப் பிடித்திருக்கிறது.

ஒரு பின்கதையும் உண்டு. திரும்ப வாங்கி வந்த ஐந்தாம் மாதம், காற்று நன்றாக வறண்டிருந்த நாட்களில், ஒரே ஒரு ஸ்வரத்தில் மட்டும் ஜிர்ரென்று அதிர்வு வந்தது. பயந்துபோய் எடுத்துப் போனேன். பட்டறைக்காரர் விரல் முட்டியால் ஓரம் முழுவதும் தட்டிக்கொண்டே வந்தார். இடது கீழ்ப் பக்கம் வந்ததும் சத்தம் பொத்தலாக மாறியது. இரண்டு விரல் நீளத்துக்கு ஓரம் விட்டிருந்தது. பலகையில் விரிசல் ஏதும் இல்லை. அவர் முகத்தில் அப்படி ஒரு திருப்தி, ஏதோ பரீட்சையில் தேறியது போல.

கிண்ணத்தையும் தூரிகையையும் என்னிடம் கொடுத்தார். வெந்நீரில் நனைத்த மெல்லிய தகட்டை உள்ளே விட்டுப் பழையதை இளக்கி, புதிய வச்சிரத்தைத் தண்ணீர் கூட்டி ஓடவிட்டு, மூன்று கிளாம்ப் போட்டேன். அதிகம் முறுக்கியிருந்தேன், அவர் ஒவ்வொன்றையும் கால் சுற்றுத் தளர்த்தினார். மறுநாள் காலை வந்து நானே கழற்றினேன்.