ஒரு வருடம் உதவிய அறக்கட்டளை: அடுத்த வருடம் எதற்குக் காசு கொடுக்கச் சொல்லலாம்?

நெத்தலியாறு எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். வன்னியில் உள்ளூர் அமைப்புகளில் வேலை செய்கிறவர்கள், முன்னர் செய்தவர்கள் யாராவது இதற்குப் பதில் சொன்னால் பெரிய உதவியாக இருக்கும்.

எங்கள் பக்கத்திலிருந்து கனடாவுக்குப் போனவர்கள் சிலர் அங்கே பதிவுசெய்து ஒரு சின்ன அறக்கட்டளை நடத்துகிறார்கள். இவ்வளவு காலமும் தெரிந்த குடும்பங்களுக்குத்தான் உதவிக்கொண்டிருந்தார்கள். கடந்த வருடம் முதல் தடவையாகக் கிளிநொச்சி, முல்லைத்தீவு மாவட்டங்களில் இருக்கிற சிறிய அமைப்புகளுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். ஒரு மாதர் கிராம அபிவிருத்திச் சங்கத்துக்கு மிளகாய் அரைக்கும் இயந்திரம், முள்ளந்தண்டு பாதிக்கப்பட்டவர்களைப் பார்க்கிற ஓர் அமைப்புக்குச் சக்கர நாற்காலிகள், ஒரு மாலை வகுப்புக்கு மேசை கதிரை, இப்படி. வருடக் கடைசியில் அந்த அமைப்புகளை நடத்துகிறவர்கள் எல்லோரையும் வவுனியாவுக்குக் கூப்பிட்டுத் தலைமைத்துவப் பயிற்சி ஒன்றும் வைத்தார்கள்.

நான் விசுவமடுவில் இருக்கிறேன். அவர்களுக்காக இந்த இடங்களுக்குப் போய்ப் பார்த்துப் படமும் விபரமும் அனுப்புகிறது நான்தான். இப்போது ஆண்டறிக்கை எழுதுகிறார்கள், அதோடு அடுத்த வருடத்துக்கான முடிவும் எடுக்கவேண்டும். அவர்களுக்குள் இரண்டு கருத்து இருக்கிறது. கொடுக்கிற காசு கண்ணுக்குத் தெரியவேண்டும், கிணறு, இயந்திரம் என்றால் சேர்த்துத் தந்தவர்களுக்குக் காட்டலாம் என்கிறார்கள் சிலர். அமைப்பு நிலைத்தால்தான் மற்றதெல்லாம் நிலைக்கும், அதை நடத்துகிறவர்களுக்குக் கைகொடுப்போம் என்கிறார்கள் மற்றவர்கள். எனக்கு மனம் இரண்டாவது பக்கம்தான் போகிறது. சக்கர நாற்காலி வந்துவிட்டது, சரி, ஆனால் வீடு வீடாகப் போய் படுக்கைப் புண் வராமல் எப்படி உடம்பைத் திருப்பவேண்டும், புண் வந்தால் எப்போது ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகவேண்டும் என்று சொல்லிக்கொடுக்கிற பிள்ளைக்குச் சம்பளம் கொடுக்க அந்த அமைப்பிடம் வழியில்லை. அந்தப் பிள்ளை நின்றுவிட்டால் நாற்காலி இருந்தும் என்ன பயன்?

ஆனால் தலைவர்களுக்கு உதவி என்றால் நடைமுறையில் அது என்ன? இன்னொரு பயிற்சியா, சம்பளமா, வேறெதுவுமா? நான் அவர்களுக்கு எதை எழுதி அனுப்பலாம்?


பாலியாறு எழுதியது:

பயிற்சி வேண்டாம். முதலில் அதை எழுதுங்கள்.

போர் முடிந்தபோது இடம்பெயர்ந்த சனத்தை வைத்திருந்த மெனிக் பாம் முகாம் காலத்திலிருந்து நான் இந்த வேலையில் இருக்கிறேன். மூன்று லட்சம் பேருக்குக் கிட்ட முகாம்களுக்குள் இருந்தபோது, மெனிக் பாம் இருந்த செட்டிகுளத்தில் பார்க்கிற இடமெல்லாம் நிறுவனங்களின் பெயர்ப்பலகைதான். 2012 செப்டெம்பரில் முகாமை மூடினார்கள், சனம் காணிக்குத் திரும்பியது, பிறகு ஒவ்வொரு நிறுவனமாகப் போய்விட்டது. மிஞ்சினது ஊருக்குள் இருந்து தொடங்கின சின்ன அமைப்புகள். அவற்றை இவ்வளவு காலம் இழுத்துக்கொண்டு வந்தவர்களுக்குத் தலைமைத்துவம் என்றால் என்னவென்று மண்டபத்தில் இருத்திச் சொல்லிக்கொடுக்கத் தேவையில்லை. அவர்களுக்குத் தேவை, வருகிற மாதமும் அலுவலகம் திறந்திருக்கும் என்ற நிச்சயம்.

திட்டம் என்று வருவது ஒன்பது மாதம், மிஞ்சினால் ஒரு வருடம். முடிந்ததும் வெளிக்கள உத்தியோகத்தர் வீட்டுக்குப் போகவேண்டும். அடுத்த திட்டம் வரும்போது அந்தப் பிள்ளை ஆடைத் தொழிற்சாலைக்கோ கட்டாருக்கோ போயிருக்கும், நாங்கள் புதிதாக ஒருவரை எடுப்போம். இது கணக்கில் தெரியாத நட்டம். காணாமல் ஆக்கப்பட்ட மகனைப் பற்றி ஒரு தாய் ஒரு பிள்ளையை நம்பி மனம்விட்டுக் கதைத்திருப்பா, அடுத்த வருடம் வேறொரு பிள்ளை புதுப் படிவத்தோடு போய் அதே கேள்வியை முதலிலிருந்து கேட்கும். அந்தத் தாய் ஏன் திரும்பவும் சொல்லவேண்டும்? உளவளத்துணை வேலையில் ஆள் மாறுவதே ஒரு காயம்தான்.

2025 ஜனவரியில் அமெரிக்கா வெளிநாட்டு உதவியை நிறுத்தி, யூலையில் அந்த அரசின் உதவி நிறுவனமான யூ.எஸ்.எயிட்டே மூடப்பட்டபோது கை மாறிக் கை மாறி அந்தக் காசில் நடந்த வேலைகளும் அப்படியே நின்றன. ஒரே இடத்துக் காசில் தங்கியிருந்த அமைப்புகள் ஆட்களை அனுப்பவேண்டி வந்தது. அந்த நேரத்தில் யாராவது இரண்டு பேருடைய சம்பளத்தையும் வாடகையையும் மட்டும் தந்திருந்தால் எத்தனையோ இடங்களில் கதவு பூட்டியிருக்காது.

இன்னொன்று, அறிக்கை கேட்கிற காலம். வருட முடிவு என்று அறிக்கை கேட்பது டிசம்பரில். இங்கே டிசம்பர் வெள்ளக் காலம். 2018 டிசம்பரில் இரணைமடுக் குளத்தின் கதவுகள் திறந்து கிளிநொச்சியும் முல்லைத்தீவும் வெள்ளத்தில் கிடந்தபோது பகலில் பாடசாலைகளில் தங்கியிருந்த சனத்துக்குச் சமைத்துவிட்டு இரவில் காலாண்டு அறிக்கை எழுதினோம், ஏனென்றால் திகதி பிந்தினால் அடுத்த தவணை வராது என்று சொல்லியிருந்தார்கள். அறிக்கையைப் பெப்ரவரியில் கேட்கச் சொல்லுங்கள். தமிழிலேயே எழுதலாம் என்றும் சொல்லச் சொல்லுங்கள். படிக்கப்போகிறவர்கள் எங்கள் ஊர்க்காரர்கள், அவர்களுக்கு எதற்கு ஆங்கிலம்? ஆங்கிலத்தில் எழுதத் தெரிந்தவர் இருக்கிற அமைப்புக்குக் காசு போகிறது, சனத்தோடு நிற்கிற அமைப்புக்குப் போவதில்லை. இதை ஓர் ஊர் அறக்கட்டளையால் ஒரே நாளில் மாற்றலாம்.


ஐந்தொகை எழுதியது:

சிறிய அமைப்புகளுக்குக் கணக்குப் பார்க்கிறேன், அந்தப் பக்கத்திலிருந்து சொல்கிறேன்.

பாலியாறு அக்கா சொன்ன சம்பளத்தைக் கேட்கும்போது முழுச் செலவையும் போட்டுக் கேளுங்கள். ஒருவருக்கு மாதம் 60,000 ரூபா என்றால் ஓய்வுகாலத்துக்குச் சேர்க்கிற ஊழியர் சேமலாப நிதிக்கு நிறுவனத்தின் பங்கு 12 வீதம், ஊழியர் நம்பிக்கை நிதிக்கு 3 வீதம், ஆக இன்னும் 9,000 ரூபா வேண்டும். திட்டப் பாதீடுகளில் பெரும்பாலும் இதை விட்டுவிடுகிறார்கள், பிறகு அமைப்பு அந்தப் பாக்கியைச் சுமக்கிறது. வேலையை விட்டுப் போகும்போது கொடுக்கிற பணிக்கொடையும் அப்படித்தான். 1983ஆம் ஆண்டுச் சட்டப்படி 15 பேருக்குக் குறையாமல் வேலை செய்கிற இடத்துக்குத்தான் அது கட்டாயம். நான்கு பேர், ஐந்து பேர் வேலை செய்கிற அமைப்பை எவ்வளவு காலம் நடத்தினாலும் இணைப்பாளர் போகும்போது வெறுங்கையோடுதான் போகிறார். தலைவர்களுக்கு ஏதாவது செய்யவேண்டும் என்று உண்மையாகவே நினைத்தால் அவர்களுடைய சேமலாப நிதிப் பங்கை ஒழுங்காகக் கட்டுவதும், வருடத்துக்கு அரை மாதச் சம்பளத்தை ஒதுக்கி வைப்பதும் எந்தப் பயிற்சியையும் விடப் பெரிய காரியம்.

நிர்வாகச் செலவுக்கு ஐந்து வீதம், பத்து வீதம் என்று கட்டுப்பாடு போடுகிற பழக்கத்தை விடச் சொல்லுங்கள். வாடகை, கரண்ட், இணையம், கணக்காய்வாளருக்குக் கட்டணம், மோட்டார் சைக்கிளுக்குப் பெற்றோல், இதெல்லாம் இல்லாமல் எந்த வேலையும் நடக்காது. கொடுப்பவர் குறைவாக எதிர்பார்க்க, அமைப்பு இன்னும் குறைத்துக் காட்ட, அதைப் பார்த்துக் கொடுப்பவர் அடுத்த முறை இன்னும் குறைக்க, கடைசியில் அமைப்பு பட்டினியில் கிடக்கிறது. அமெரிக்காவில் இதை 2009இலேயே எழுதிவிட்டார்கள். அதற்குப் பிறகு அங்குள்ள ஃபோர்ட் அறக்கட்டளை 2016இல் பில்ட் என்று ஒரு மானியத் திட்டத்தைத் தொடங்கியது. ஐந்து வருடத்துக்குக் காசு, அதில் பெரும்பகுதியை அமைப்பு தன் தேவைப்படி செலவழிக்கலாம், தன்னைப் பலப்படுத்துவதற்கென்றும் ஒரு பங்கு. அவர்கள் போட்டது நூறு கோடி டொலர், உங்கள் ஆட்களால் அதில் ஒரு துளியும் முடியாது, ஆனால் கொடுக்கிற விதத்தை எடுத்துக்கொள்ளலாம். ஐந்து அமைப்புக்கு ஒரு வருடம் கொடுப்பதைவிட இரண்டு அமைப்புக்கு மூன்று வருடம் கொடுப்பது நல்லது என்பது என் எண்ணம்.

2022இல் ஒரு அமெரிக்க டொலர் 200 ரூபாவிலிருந்து 360 ரூபா வரைக்கும் போனதையும் மறக்கவேண்டாம். ரூபாவில் ஒப்பந்தம் எழுதியிருந்த அமைப்புகள் பெற்றோலுக்கே திண்டாடின. இடையில் விலை இப்படி மாறினால் தொகையைத் திரும்பப் பேசலாம் என்று ஒரு வரி போடச் சொல்லுங்கள்.

உங்களுக்கென்றும் ஒன்று சொல்லவேண்டும். காசு எக்காரணம் கொண்டும் உங்களுடைய சொந்த வங்கிக் கணக்கால் வரக்கூடாது. வெளிநாட்டுக் காசு என்றால் வடக்கில் யார் அனுப்பினது, எதற்கு என்று கேள்வி வரும், பதிவுள்ள அமைப்பின் கணக்குக்கு நேராக வந்தால் காட்டுவதற்குக் கடிதமும் ரசீதும் இருக்கும்.


துணுக்காய்க் கமக்காரன் எழுதியது:

பிள்ளைகள் சொல்வதை வாசித்தேன். எனக்கு இதில் ஒரு பயம் இருக்கிறது, அதையும் நீங்கள் கேட்கவேண்டும்.

ஓர் அமைப்பின் தலைவர் என்று ஒருவரைப் பிடித்து அவருக்கே எல்லா உதவியும் போனால் அமைப்பு அந்த ஆளுடைய வீடு மாதிரி ஆகிவிடும். தலைவர் கணவன், பொருளாளர் மனைவி, செயலாளர் மச்சான் என்று இருக்கிற இடங்களை நான் கண்டிருக்கிறேன். கூட்டுறவுச் சங்கத்திலும் கமக்காரர் அமைப்பிலும் எவ்வளவு குறை இருந்தாலும் வருடத்துக்கு ஒருமுறை பொதுக்கூட்டம் வைத்துக் கணக்கு வாசிக்கவேண்டும், சனம் எழும்பிக் கேள்வி கேட்கும், பிடிக்காவிட்டால் ஆளை மாற்றும். வெளிக்காசில் மட்டும் ஓடுகிற அமைப்பில் யார் கேட்பது? கனடாவில் இருக்கிறவர்களா?

மாதர் சங்கங்களின் நிலையைப் பாருங்கள். சங்கத்தில் பெண்கள் தாங்களே சேமித்துத் தங்களுக்குள் கடன் கொடுத்த காலம் ஒன்று இருந்தது. சங்கம் பலவீனமான இடத்தில்தான் நுண்கடன்காரர் வீட்டு வாசலுக்கு வந்தார்கள், ஒரு கடனைக் கட்ட இன்னொரு கடன் எடுத்து எத்தனை குடும்பம் அழிந்தது என்று எல்லோருக்கும் தெரியும். 2018இல் அரசாங்கமே வறட்சி மாவட்டங்களில் பெண்களின் ஒரு லட்சத்துக்கு உட்பட்ட கடன்களைத் தள்ளுபடி செய்ய முன்வந்தது அதனால்தான். உங்கள் ஆட்கள் மிளகாய் இயந்திரம் கொடுத்தது பிழை என்று சொல்லவில்லை, ஆனால் சங்கத்துக்குச் சேமிப்பும், கணக்கு எழுதத் தெரிந்த ஒரு பிள்ளையும் இல்லாவிட்டால் இயந்திரம் பழுதாகிற அன்றோடு அது முடிந்துவிடும். குளக்கட்டைப் பார்க்காமல் வாய்க்காலுக்கு மட்டும் சீமெந்து பூசுகிற வேலை அது.

ஆகவே சம்பளம் கொடுங்கள், நான் தடுக்கவில்லை. கொடுக்கிற தொகையைச் சனசமூக நிலையத்துப் பலகையில் ஒட்டவேண்டும், பொதுக்கூட்டத்தில் வாசிக்கவேண்டும் என்று நிபந்தனை போடுங்கள். கனடாவுக்கு எழுதுகிற அறிக்கையைவிட அந்தப் பலகைதான் முக்கியம்.


பாலியாறு எழுதியது:

அண்ணை சொன்ன பலகைக்கு நான் முழு ஆதரவு. நல்லபடி நடக்கிற அமைப்புக்கு அதில் மறைக்க ஒன்றுமில்லை, சனத்துக்கு முன்னால் கணக்குச் சொல்வது எங்களுக்கும் பாதுகாப்பு.

ஒரே ஆளில் எல்லாம் தங்கியிருப்பது பற்றிச் சொன்னீர்கள். சில இடங்களில் அது பேராசையால் நடக்கிறது, பல இடங்களில் இரண்டாவது ஆளுக்குச் சம்பளம் இல்லாததால் நடக்கிறது. இணைப்பாளரே முன்மொழிவு எழுதி, பிரதேச செயலகக் கூட்டத்துக்குப் போய், சக்கர நாற்காலியும் ஏற்றி இறக்கினால் யாரைப் பழக்குவது? லொஸ் ஏஞ்சலஸில் டர்ஃபி என்றொரு அறக்கட்டளை இருக்கிறது. 1997இலிருந்து தொண்டு அமைப்புகளின் தலைவர்களுக்குக் குறைந்தது மூன்று மாத ஓய்வுக்குக் காசு கொடுக்கிறார்கள். அந்த மூன்று மாதமும் தலைவர் அலுவலகத்தோடு தொடர்பே வைக்கக்கூடாது, மற்றவர்கள்தான் நடத்தவேண்டும். இங்கே அப்படி யாராவது செய்து நான் காணவில்லை. போர் முடிந்ததிலிருந்து மற்றவர்களுடைய துயரத்தைக் கேட்டுக்கொண்டிருக்கிறவர்கள், தங்கள் வீட்டிலும் இழப்பு உள்ளவர்கள், ஒரு மாதம் சம்பளத்தோடு வீட்டில் இருந்தால் அது ஆடம்பரம் இல்லை. அந்த ஒரு மாதம் உதவி இணைப்பாளர் பொறுப்பை ஏற்று நடத்தட்டும், அவருக்கு மேலதிகமாக ஏதாவது கொடுங்கள். அண்ணையின் பயத்துக்கும் இதிலேயே பாதிப் பதில் இருக்கிறது.


நெத்தலியாறு எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. இன்றிரவே எழுதப்போகிறேன்: இரண்டு அமைப்பு, மூன்று வருடம், சேமலாப நிதி உட்படச் சம்பளமும் வாடகையும், தமிழில் அறிக்கை, அதுவும் பெப்ரவரியில், ஊரில் கணக்குப் பலகை, இணைப்பாளருக்கு ஒரு மாத ஓய்வு. பயிற்சியை விட்டுவிடச் சொல்கிறேன்.

ஒரு சிக்கல் மட்டும் மிச்சம். இங்குள்ள அமைப்பு கனடாவில் பதிவான தர்ம நிறுவனம் இல்லை என்பதால் பொதுவான செலவுக்குக் காசு கொடுக்கச் சட்டம் விடாது, ஒவ்வொரு வேலையும் தங்களுடைய வேலையாகவே இருக்கவேண்டும் என்று அங்குள்ள ஒருவர் சொல்கிறார். உண்மையா?


ஐந்தொகை எழுதியது:

முன்பு அப்படித்தான் இருந்தது. 2022இல் அங்கே வருமான வரிச் சட்டத்தை மாற்றினார்கள், இப்போது கனடாவில் பதிவான தர்ம நிறுவனம் பதிவில்லாத வெளிநாட்டு அமைப்புக்கும் மானியம் கொடுக்கலாம். ஆனால் காசு தர்ம நோக்கத்துக்குத்தான் போகிறது என்பதற்கு அமைப்பைப் பற்றிய விசாரிப்பு, எழுத்து ஒப்பந்தம், செலவு விபரம் எல்லாம் அவர்கள் கையில் இருக்கவேண்டும். அங்குள்ள தங்கள் கணக்காளரிடம் இதைக் காட்டி உறுதிப்படுத்தட்டும். இங்கிருந்து நீங்கள் இப்போதே சேர்த்து வைக்கவேண்டியது அமைப்பின் பதிவுச் சான்றிதழ், அமைப்பின் விதிகள் இருக்கிற யாப்பு, கடைசியாக முடிந்த கணக்காய்வு அறிக்கை, நிர்வாக சபை கூடித் தீர்மானம் எடுத்த கூட்ட அறிக்கையின் பிரதி. யாப்பு தமிழில் மட்டும் இருந்தால் எனக்கு அனுப்புங்கள், ஆங்கிலத்தில் எழுதித் தருகிறேன், அதற்குக் காசு வேண்டாம்.